செய்தி போகும் வழியை வரைவோம்

(திருப்பூரில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பள்ளிச் சுவர்களில் படங்களுக்குக் குறைவில்லை. எழுத்துகள், வாய்பாடு, சூரியக் குடும்பம், தலைவர்கள், கார்ட்டூன் யானை எல்லாம் இருக்கின்றன. இவை தேவையான படங்கள்தான். ஆனால் எல்லாமே விடை சொல்லும் படங்கள். பார்க்கிற பிள்ளையைக் கேள்வி கேட்க வைக்கும் படம் ஒன்றாவது இருக்கிறதா? அப்படிப்பட்ட ஓவிய வரிசை ஒன்றைப் பற்றியும், அதை வைத்து நம் ஊர் வகுப்பறையில் என்ன செய்யலாம் என்பது பற்றியும் இன்று பேசுகிறேன்.

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோ நகரில் 1934இல் ஒரு பெரிய அஞ்சலகம் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஆஞ்ஜோலோ மாட்ஸோனி. அதன் கூட்ட அறைக்காக பெனடெட்டா காப்பா என்ற பெண் ஓவியர் ஐந்து பெரிய ஓவியங்களைத் தீட்டினார். பொருள், தகவல் தொடர்பு. தரைவழி, கடல்வழி, வான்வழி, தந்தியும் தொலைபேசியும், வானொலி என வழிக்கு ஓர் ஓவியம்.

பெனடெட்டா ‘ஃபியூச்சரிசம்’ என்ற எதிர்காலவியல் ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர். அசையாத பொருளை அப்படியே வரைவதைவிட அசைவையே வரைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் வான்வழி ஓவியத்தில் நாம் தரையில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மேகத்துக்கும் மலைக்கும் மேலே நாமே பறக்கிறோம். வானொலி அலைக்கு உருவமே கிடையாது. அதற்கும் அவர் வடிவமும் நிறமும் தேடியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாததை எப்படி வரைவது என்பதுதான் இந்த வரிசை எழுப்பும் முதல் கேள்வி. அறிவியல் ஆசிரியருக்கும் இது பயன்படும்.

2014இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இந்த ஐந்தும் பலேர்மோவுக்கு வெளியே முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று இத்தகைய ஓவியங்களின் அச்சுப் படிகள் வீட்டுச் சுவர் அலங்காரமாக விற்கப்படுகின்றன. சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கி மாட்டுவோரும் உண்டு. பள்ளிக்கு அது போதாது. வான்வழி ஓவியம் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம் கொண்டது. மைதானத்தில் அந்த அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளை அதனுள் நிற்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போர்டில் பார்த்தது எவ்வளவு பெரியது என்று அப்போது புரியும். அன்றைய கணக்குப் பாடமும் அதிலேயே நடக்கும்.

இந்த இயக்கத்தின் மறுபக்கத்தையும் உயர்நிலை வகுப்புகளில் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1909இல் மாரினெட்டி வெளியிட்ட இதன் முதல் அறிக்கை வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றியது. போரையும் போற்றியது. பெண்களை இழிவாகப் பேசியது. அதே மாரினெட்டியை 1923இல் மணந்தவர் பெனடெட்டா. பலேர்மோ அஞ்சலகமும் முசோலினி ஆட்சியில் எழுந்த கட்டடம். பத்தாம் வகுப்பில் பாசிசம் நடத்தும்போது, ஓர் அரசு அஞ்சலகக் கட்டடத்தைக் கொண்டுகூடத் தன் வலிமையைக் காட்டிக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூரின் ஏற்றுமதிக் கதையும் இத்தாலியைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. 1978இல் வெள்ளை டி-சர்ட் தேடி இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் இங்கு வந்ததைத் தொழில்துறையினர் தொடக்கமாகச் சொல்வார்கள். அன்று கடிதம், தந்தி, டெலக்ஸ். இன்று வாட்ஸ்அப். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. நம் பிள்ளைகளுக்குத் ‘தந்தி’ என்றால் செய்தித்தாளின் பெயர். அது முதலில் ஒரு கம்பி, வீணையில் இருப்பதும் அதுதான் என்று சொன்னால் வியக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் இந்த ஐந்து ஓவியங்களையும் காட்டி மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன தெரிகிறது? எது நகர்கிறது? இதில் யார் இல்லை? மூன்றாவது கேள்விக்குத்தான் வகுப்பு விழித்துக்கொண்டது. “போஸ்ட்மேன் இல்லை சார்.” “போன் பேசுறவங்க இல்லை.” “ரோடு போட்டவங்க இல்லை.” சாலை இருக்கிறது, கம்பி இருக்கிறது, வேகம் இருக்கிறது. ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு ஐந்து குழுக்களாகப் பிரித்து, “திருப்பூரின் ஐந்து வழிகளை வரையுங்கள், ஆள் இருக்கட்டும்” என்றேன். தரைவழிக் குழு, தூத்துக்குடி போகும் கன்டெய்னர் லாரியையும், விடியலில் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேனையும் ஒரே சாலையில் எதிரெதிராக வரைந்தது. வான்வழிக் குழு, அவசரமாக அனுப்பும் சாம்பிள் பார்சலுக்கு இறக்கை வைத்தது. தொலைபேசிக் குழுவில் ஒரு மாணவி பவர் டேபிளிலிருந்து வீட்டு அடுப்புவரை ஒரு வளைகோடு போட்டாள். இரவு எட்டு மணி, அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட், “சோறு வடிச்சிட்டயா?” என்று கேட்கும் அழைப்பு அது. வெளிநாட்டு பையரின் ஒரு செய்தி இங்கே யாருடைய அரை ஷிப்டாக மாறுகிறது என்பதை அந்தக் கோடு சொல்லிவிட்டது. அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாவது குழுவில் ஒடிசாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆன மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ்ப் பாட வேளையில் வாய் திறக்காதவன். அவன் தன்பாத் ரயிலை நீளமாக வரைந்து, அதன் கடைசியில் ஒரு செல்போன், அதற்குள் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்த ஒரு கிழவியின் முகம் வரைந்திருந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் சதுரங்களைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டார்கள். “நெட்வொர்க்” என்றான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. கிழவி யார் என்று கேட்டதற்கு “ஜேஜேமா” என்றான். அப்பாவின் அம்மாவுக்கு ஒடியாவில் அதுதான் பெயர். அன்று வகுப்பு ஓர் ஒடியாச் சொல்லைக் கற்றது. அவன் ‘அப்பாயி’ என்ற சொல்லைக் கற்றான்.

நண்பர்களே, நம் மாவட்டப் பள்ளிகளில் இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்து நிறைந்த சுவர் அவர்களுக்குப் பூட்டிய கதவு. எழுத்தில்லாத ஒரு படத்தின் முன் எல்லோரும் ஒரே வகுப்பு. அங்கே அவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கும். சொல்ல வந்தபின் மொழி பின்னாலேயே வரும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பள்ளியில் ஒரு சுவரையாவது, வராந்தாவின் ஒரு மூலையையாவது, பிள்ளைகள் வரைந்தவற்றுக்கு ஒதுக்குங்கள். அங்கே மாட்டும் படத்தைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பழகிய படத்தைக் கண் பார்ப்பதில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் “இதில் யார் இல்லை?” என்று கேளுங்கள். இதற்கு ஓவிய ஆசிரியர் வேண்டும் என்பதில்லை. சார்ட் அட்டையும் கிரேயானும் ஒரு பாடவேளையும் போதும்.