சபர் செல்லும் இளைஞர்களுக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

முதன்முதலாகச் சவூதிக்குச் சபர் சென்றபோது நான் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அரபியில் இருந்தது. அதன் பொருளை எவரிடமும் கேட்டறியவில்லை. ஊரில் சொன்ன சம்பளம் வேறு. அங்கே கிடைத்தது வேறு. தாயார் அடகு வைத்த நகையை மீட்க மூன்றாண்டுகள் ஆயின.

அந்நிலை உங்களுக்கு வரலாகாது. விசிட் விசாவில் சென்று வேலை தேடிக்கொள்ளலாம் என்போரை நம்பாதீர்கள். அவ்விசாவில் வேலை செய்வது குற்றமாகும். பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. இவர்களுக்கென 2003இல் தொடங்கப்பட்டதே பிரவாசி பாரதீய பீமா யோஜனா. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேரின் 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்க அது வழி செய்கிறது. விசிட் விசாவில் செல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு ஏது?

சென்று சேர்ந்ததும் இகாமா நகலை வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். நாள்தோறும் நான்கு அரபிச் சொற்களேனும் கற்றுக்கொள்ளுங்கள். அந்நிய ஊர் மெல்ல நம் ஊராகும்.

புறப்படுமுன் ஒப்பந்தத்தை ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். படித்துப் பொருள் சொல்ல, சபர் முடித்துத் திரும்பிய நாங்கள் இருக்கின்றோம்.