மே மாதத்துப் பாடக் குறிப்பு



கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் ஓய்வில் இருப்பார்கள் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். ஓய்வும் தேவைதான். ஆனால் இதே மே மாதத்தில் பல வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு வேலையும் நடக்கிறது. முடிந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து, வரப்போகும் ஆண்டுக்குப் பாடக் குறிப்பு எழுதுகிற வேலை. அதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். வடசென்னையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை நான். வேலைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எங்கள் பகுதியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்துப் பழகுகிறவள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

ஆசிரியர் அறையில் நாங்கள் இதை 'நோட்ஸ் ஆஃப் லெசன்' என்போம். வாரத் தொடக்கத்தில் எச்.எம். மேசைக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பும். உள்ளே கட்டங்கள் இருக்கும். கற்றல் நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு, தொடர்பணி. பி.எட். படித்த எல்லாருக்கும் இது மனப்பாடம். இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. ஹெர்பார்ட் என்ற தத்துவ அறிஞர் 1841-ல் இறந்தார். ஒரு பாடம் பிள்ளையின் மனதில் எந்த வரிசையில் போய் உட்காருகிறது என்று அவர் யோசித்ததை, அவருக்குப் பின் வந்தவர்கள் ஐந்து படிகளாக வகுத்தார்கள். முதலில் ஆயத்தம், கடைசியில் பயன்படுத்திப் பார்ப்பது. அந்தப் படிகள் உலகமெல்லாம் ஆசிரியர் பயிற்சிக்குள் நுழைந்தன. நம் ஊரில் 1856-ல் அரசு தொடங்கிய நார்மல் ஸ்கூல்தான் பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதும் அதே 1856-ல்தான். வடக்கே துறைமுகமும் ரயிலும் தொழிற்சாலையும் வளர வளர, அங்கே குடியேறிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பயிற்சியிலிருந்து வந்தார்கள்.

கட்டங்கள் நல்லவைதான். ஆனால் கட்டத்தை நிரப்புவதே வேலை என்று ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. போன வருஷத்து நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றி எழுதுவது நடக்கிறது. எமிஸ் இணையதளப் பதிவு, பயிற்சிக் கூட்டம், ஸ்பெஷல் கிளாஸ், தேர்வுப் பணி என்று நாள் போய்விடும்போது அப்படிச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் மே மாதம் முக்கியம். பெல் அடிக்காத ஒரே மாதம் அது.

என்னைக் கேட்டால், நம்முடைய பாடக் குறிப்பில் ஒரே ஒரு கட்டம் குறைகிறது. 'பிள்ளை என்ன சொல்லும்?' என்ற கட்டம்.

ஜப்பானில் 'ஜுகியோ கென்கியூ' என்று ஒரு வழக்கம் நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்துக்குத் திட்டம் எழுதுவார்கள். ஒருவர் வகுப்பு எடுப்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தத் திட்டத்தில், ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்கள் எழுதப்பட்டிருக்கும். சரியான பதில், பாதி சரியான பதில், தப்பான பதில், எல்லாமே. கரும்பலகைக்கும் தனித் திட்டம் உண்டு. வகுப்பு முடியும்வரை எதையும் அழிக்காமல், பாடம் எங்கே தொடங்கி எங்கே வந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்படி எழுதுவார்கள். 'பன்ஷோ' என்று அதற்குப் பெயர். இதற்கெல்லாம் பெரிய செலவு எதுவும் இல்லை. முன்யோசனைதான் வேண்டும்.

பிள்ளை என்ன சொல்லும் என்று புதிதாக வேலைக்கு வந்தவருக்குத் தெரியாது. ஒரு ஆண்டு எடுத்து முடித்தவருக்குத் தெரியும். போன ஆண்டின் விடைத்தாள்களும், வகுப்பில் எழுந்த கேள்விகளும் அவரிடம் இருக்கின்றன. மே மாதத் தயாரிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். அதுவும் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பதில்கள் புத்தகம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடம். எதிரொலி கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எல்லாரும் எழுதிவிடுவார்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், எங்கப்பா லாஞ்சுல ஒரு டிவி மாதிரி இருக்கும். அடியில மீன் இருந்தா அதுல தெரியும்" என்பான். அந்தப் பையன் சொல்வதும் எதிரொலிதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி நொடியில் நூற்றில் நான்கு பங்கு நேரத்தில் திரும்பி வந்தால், போக 30 மீட்டர், வர 30 மீட்டர். ஆழம் 30 மீட்டர். பல மீன்களின் உடலுக்குள் காற்றுப் பை இருப்பதால் ஒலி அதில் நன்றாகப் பட்டுத் திரும்புகிறது. இந்தக் கணக்கை நான் முதலிலேயே எழுதி வைத்திருந்தால், அந்தப் பையனின் பேச்சு வகுப்பைத் திசைதிருப்பாது, வகுப்பை நடத்தும். அந்தப் பேச்சு தானாக வராவிட்டால் நானே கேட்டு வரவழைக்கலாம்.

இயக்க விதிகளுக்குக் கன்டெய்னர் லாரி இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் அதைப் பார்க்காமல் எங்கள் பிள்ளை பள்ளிக்கு வர முடியாது. சுமையோடு 40 டன் எடையுள்ள ஒரு லாரி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர், வந்தால் அதன் உந்தம் எவ்வளவு, அது ஏன் சட்டென்று நிற்காது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை சாலையைக் கடக்கும் விதமே மாறும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வேதியியலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

2023 டிசம்பர் எண்ணூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. மிக்ஜாம் புயல் மழை. அதோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்து, வலையிலும் படகிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்பாக அப்பியது. அந்த மாதம் 26-ம் தேதி இரவு, பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். அன்றைக்குச் சின்ன வகுப்பில் இருந்த பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வருகிறார்கள். புத்தகத்தில் NH₃ என்று இருப்பது அவர்களுக்குத் தொண்டையில் எரிந்த ஒரு இரவு.

இந்தப் பாடத்துக்குக் குறிப்பு எழுதும்போது ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. "அன்னிக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயந்ததை நாலு பேர் முன்னால் சொல்லவைத்து அதைத் துணைக்கருவி ஆக்குவது நியாயமில்லை. ஆனால் பிள்ளை தானாகக் கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். கேட்பார்கள். "ஈரத்துணியை மூஞ்சில கட்டிக்கச் சொன்னாங்களே, எதுக்கு மிஸ்?" அமோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும் வாயு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் பல நூறு லிட்டர் அமோனியாவை இழுத்துக்கொள்ளும். துணியில் இருக்கும் ஈரம் கொஞ்சத்தையாவது பிடித்து வைக்கும், ஓடுவதற்கு நேரம் கிடைக்கும். கண்ணும் தொண்டையும் எரிந்ததற்கும் அதே கரைதிறன்தான் காரணம், அங்கேயும் ஈரம் இருக்கிறது.

இன்னும் கூர்மையான பிள்ளை அடுத்ததைக் கேட்கும். அமோனியாவின் மூலக்கூறு நிறை 17, ஆவி அடர்த்தி 8.5. காற்றுக்கு 14.4. அப்படியென்றால் அது காற்றைவிட லேசு. "லேசுன்னா மேல போயிருக்கணுமே மிஸ். தெருவுக்குள்ள ஏன் வந்துச்சு?" எவ்வளவு அருமையான கேள்வி! ஆவி அடர்த்திப் பாடத்தை முழுதாகப் புரிந்துகொண்ட பிள்ளைதான் இதைக் கேட்க முடியும். திரவமாகக் குளிரவைத்த அமோனியா வெளியே வரும்போது அதன் ஆவி கடும் குளிரோடு இருக்கும். குளிர்ந்த வாயு கனக்கும். காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து பனிமூட்டம் மாதிரி தரையோடு பரவும். சூடேறிய பிறகுதான் மேலே போகும். அந்த நேரத்துக் காற்றின் திசையும் சேர்ந்துகொள்ளும். வாயு லேசு என்ற ஒரு வரியை மட்டும் நம்பி யாரும் தரையில் படுத்துவிடக் கூடாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும் என்பது வரை அந்த வகுப்பில் சொல்லலாம். எங்கள் பகுதிப் பள்ளிகளில் வேதியியல் உயிர் காக்கும் பாடம். அதைத் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் எடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது நாட்காட்டி. பள்ளிக் கல்வித் துறை ஒரு நாட்காட்டி தரும். ஊருக்கு இன்னொன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாம் விடுமுறையில் இருக்கும்போது காசிமேட்டில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன, வீடுகளில் வருமானம் இல்லை. பள்ளி திறந்த கொஞ்ச நாளில் படகுகள் கடலுக்குப் போகும். கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு அந்த வாரம் வீட்டு வேலை கூடும். முதல் வாரத்திலேயே 'வெள்ளை நோட்டு வாங்கி வா, கிராஃப் நோட்டு வாங்கி வா' என்று பட்டியல் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அந்த வீடுகளுக்கு அதுவே பெரிய உதவி. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. 2023-ல் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. மாசியில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் பிரம்மோற்சவம் வரும். அது பொதுத்தேர்வுக்குப் படிக்கிற நேரம். தேரடிப் பக்கத்துப் பிள்ளைக்கு மாலை நேரத்தில் வீட்டில் படிக்க முடியாது, பள்ளியிலேயே படிக்க வைத்து அனுப்ப வேண்டும். இதையெல்லாம் மே மாதத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டு நம் கையில் இருக்கும்.

எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடம் என்பது மேலிருந்து வருவதால் பாடங்களை இஷ்டப்படி முன்பின் நகர்த்த முடியாது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மை கடைசிக்குப் பக்கத்தில், 22-வது பாடமாக இருக்கிறது. அவசர அவசரமாக முடிக்கும் நேரத்தில் அது வந்து நிற்கும். ஆனால் அதற்கான வேலையை ஜூனிலேயே தொடங்கத் தடை இல்லை. வெள்ளை அட்டையில் வாசலின் தடவி வீட்டு ஜன்னலில் ஒரு வாரம் வைத்தால் தூசி ஒட்டும். எண்ணூர்ப் பிள்ளையின் அட்டையையும் இராயபுரத்துப் பிள்ளையின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதம் ஒரு அட்டை, தேதி போட்டு. பாடம் வரும்போது சான்று அவர்கள் கையிலேயே இருக்கும்.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு பழைய பதில் உண்டு. 1789-ல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். அதற்காக ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நம்மூர்ச் சட்டாம்பிள்ளை முறையின் சாயல் அதில் தெரிகிறது. 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட்ட பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். அந்த முறையில் இராணுவ மிடுக்கு அதிகம், அது எனக்கு வேண்டாம். ஆனால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் யாருக்கு விளங்கும் என்று பெயர் பெயராக யோசித்து இருக்கை வரைபடம் போடுவது மே மாதத்தில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை. ஒரே பிள்ளையை எப்போதும் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் வைக்காமல், பாடத்துக்குப் பாடம் சொல்லித் தருகிறவர் மாறும்படி செய்ய வேண்டும். ஒலியியலில் காசிமேட்டுப் பையன், வெப்ப இயற்பியலில் ஐஸ் கட்டி ஆலையில் வேலை செய்பவரின் மகள்.

'மினிமம் மெட்டீரியல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சிக்கு வேண்டிய கேள்விகளை மட்டும் திரட்டிய சின்னப் புத்தகம் அது. கடைசி மாதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது உதவி. ஜூனிலேயே அதைக் கையில் கொடுப்பது அந்தப் பிள்ளையால் இவ்வளவுதான் முடியும் என்று முதல் நாளே சொல்வது.

நிறைவாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மே 31-ம் தேதி உங்களில் பலர் ஓய்வு பெறுகிறீர்கள். அலமாரியில் உங்கள் பாடக் குறிப்பேடுகள் இருக்கும். ஓரத்தில் பென்சிலால் எழுதியவை, அடித்துத் திருத்தியவை, 'இந்த உதாரணம் எடுபட்டது' என்று கோடு போட்டு வைத்தவை. அவற்றைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்தவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அவராகக் கேட்கக் கூச்சப்படுவார். முடிந்தால் ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும்.