ஏட்டை விலைக்கு வாங்கலாம், ஆசிரியத் திறனை வாங்க முடியுமா?

(கொடைக்கானலில் நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இந்த மலைக்கு நாம் எதற்காக வருகிறோம்? வியாபாரத்துக்கு வருகிறோம். பூம்பாறைப் பூண்டும், மன்னவனூர்க் கேரட்டும் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குவதை நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் நமக்குத் தெரியும். ஆனால் இதே மலையில், அட்டுவம்பட்டியில், பெண்களுக்கென்றே ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறதே! 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அதன் வாசலை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்? அங்கே கல்வியியல் துறை இயங்குவது எத்தனை தந்தையருக்குத் தெரியும்?

நம் வீட்டுப் பெண்கள் இன்று பட்டம் பெறுகிறார்கள். மகிழ்ச்சி. அடுத்து என்ன என்று கேட்டால், "பி.எட். முடித்து வைத்தால் நல்லதுதானே" என்கிறோம். முடித்து வைப்பதா? அது என்ன, பெட்டியில் பூட்டி வைக்கும் நகையா? அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

கேளுங்கள், சொல்கிறேன். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு விதிகளின் மூலம் ஈராண்டாக்கியது. 2015 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் பாடத்தாள்கள்: குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், கற்றலும் கற்பித்தலும், பாலினமும் பள்ளியும் சமூகமும், உள்ளடக்கிய பள்ளி, எல்லாப் பாடங்களிலும் மொழியின் பங்கு, மதிப்பீடு. மறுபக்கம் களப்பணி. முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம், ஆக 20 வாரங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பழக வேண்டும். பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும் என்பது விதி.

இவையெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கிறீர்களா? இந்த மலையையே சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. பல தலைமுறைகளாகத் தோட்டம் பார்க்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பேச்சு, புத்தகத்தில் ஒரு பேச்சு என்றிருக்கும் பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால், பயிற்சி பெறாதவர் "மக்குப் பிள்ளை" என்று முத்திரை குத்திவிடுவார். மொழியின் பங்கை உண்மையாகப் படித்தவரோ, பிள்ளையின் பேச்சிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். பூண்டு அறுவடைக் காலத்தில் பிள்ளை வராவிட்டால் ஒருவர் பெயரை அடித்துவிடுவார். இன்னொருவர் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வருவார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அந்த 20 வாரங்களிலிருந்து வருகிறது!

ஆனால் நடப்பது என்ன? கல்லூரிக்கே போகாமல் வருகைப் பதிவு. அடுத்தவர் எழுதிக் கொடுத்த பாடத்திட்டக் குறிப்பேடு. பணம் கொடுத்து வாங்கிய செய்முறைப் பதிவேடு. பள்ளிப் பயிற்சிக்குப் போகாமலே தலைமையாசிரியர் கையொப்பம். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. நேர்மையாக நடத்தும் கல்லூரிகள் உண்டு. ஆனால் "வர வேண்டாம், பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அதைச் சலுகை என்று எண்ணி மகிழும் தந்தையர் நம்மிடையே இல்லையா?

வணிகர்களே! நீங்கள் தராசு பிடிப்பவர்கள். கிலோவுக்கு நூறு கிராம் குறைத்து நிறுத்தால் அது ஹராம் என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படியானால் 20 வாரப் பயிற்சியில் ஒரு வாரம்கூடப் போகாமல் வாங்கும் சான்றிதழ் எந்த எடையில் சேரும்? கடையில் எடை குறைந்தால் வாடிக்கையாளர் மறுநாள் வந்து சண்டை போடுவார். வகுப்பறையில் எடை குறைந்தால் ஏழு வயதுப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

இதில் நமக்கும் இழப்புத்தான். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. போராடிப் பெற்ற அந்த இடத்தில் உட்காரத் தகுதியோடு ஆள் வேண்டாமா? ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றியது. குறிப்பேட்டை விலைக்கு வாங்கியவர் அங்கே என்ன எழுதுவார்?

சட்டமும் இறுகி வருகிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பே தகுதி என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் பி.எட். சேர்ந்து ஏமாறக் கூடாது. 2025 செப்டம்பரில், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களும் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. நம் பள்ளிகளை நடத்துவோர் விலக்குக் கிடைக்கும் என்று காத்திருப்பதா, தகுதியை வளர்ப்பதா? சிந்தியுங்கள்.

இளைஞர்களே! சேருமுன் இரண்டைக் கேளுங்கள்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா? பல்கலைக்கழக இணைப்பு உண்டா? தமிழகக் கல்வியியல் கல்லூரிகளை இணைக்க 2008ஆம் ஆண்டு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டுள்ளது. சேர்ந்த பின் ஒரு குறிப்பேட்டைக்கூட அடுத்தவர் கையால் எழுத வைக்காதீர்கள்.

தந்தையரே! மகள் பயிற்சிக்காக மலையூர்ப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால், "பனி, குளிர், பேருந்து இல்லை" என்று தடுக்காதீர்கள். உடன் படிப்பவர்களோடு பாதுகாப்பாகத் தங்க வழி செய்து கொடுங்கள். செல்வந்தர்களே! ஊருக்கு இரண்டு ஏழை மாணவிகளின் ஈராண்டு விடுதிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாளை தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதும்போது, அதன் கையைப் பிடித்து எழுத வைத்தவர் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். அந்தப் பெருமையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது!