புதிய பதிப்புக்கு மாறுவோர்க்கு உரிய நூல்கள்

(சங்க ஆண்டு விழாவில் நூலகத்தின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு நூலகத்தின் சார்பில் ஒரு சிறு பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர், தாம் பழகிய மொழியின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற நேரும்பொழுது எத்தகைய நூலைப் படித்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

ரயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது உண்மையே. ஆயினும் நூலக அலமாரியின் சாவி நம் பொறுப்பில் இருக்கின்றது. யார் எந்த நூலைக் கேட்கின்றார், எதை முழுவதும் படிக்கின்றார், எதைப் பாதியில் திருப்பித் தருகின்றார் என்பதையெல்லாம் கண்டு வருகின்றோம். இளைஞர்களோடு அமர்ந்து பைத்தான் என்னும் நிரல் மொழியை ஓரளவு பயின்றும் இருக்கின்றோம். அந்த அளவு உரிமையோடு இங்கே நிற்கின்றோம்.

நிரல் நூல் கேட்டு வருவோர் இரு வகையினர். ஒரு வகையினர் ஒன்றும் அறியாத மாணவர். மற்றொரு வகையினர் முன்பே அறிந்தவர். நம் காலனியிலேயே, திருமணத்துக்கு முன் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் குழந்தைகளின் பொருட்டு வேலையை விட்ட பெண்மணிகள் பலர் உளர். குழந்தைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்குச் செல்ல அவர்கள் விரும்புகின்றனர். இடைப்பட்ட பத்தாண்டுகளில் மொழியின் பதிப்பு மாறிவிட்டது. அவர்கள் கையில் 'முதற்பாடம்' நூலைக் கொடுத்தால், அறிந்ததையே மீண்டும் நூறு பக்கம் படித்துச் சலித்து, நூலை மூடிவிடுகின்றனர். அதனினும் கொடிது, தாம் கற்றதெல்லாம் வீணாயிற்று என்று மனம் தளர்ந்துவிடுகின்றனர். அஃது உண்மையன்று. கற்றதில் பெரும்பகுதி இன்றும் செல்லுபடியாகும். எது செல்லும், எது செல்லாது என்று பிரித்துக் காட்டும் நூலே அவர்களுக்குத் தேவை. நம் பேச்சின் சாரம் இவ்வளவே.

பைத்தான் மொழியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ராசம் என்பார் இம்மொழியை 1991-ஆம் ஆண்டு உலகுக்கு வெளியிட்டார். இதன் இரண்டாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு வந்தது. மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வந்தது. பழைய குறைகளைக் களைவதற்காக, பழைய நிரல்கள் சில ஓடாமற் போயினும் போகட்டும் என்று துணிந்து செய்த மாற்றம் அது. எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 2010-இல் வந்த 2.7 பதிப்பிலேயே பலர் தங்கிவிட்டனர். அப்பதிப்புக்கு 2015 வரைதான் ஆதரவு என்று முதலில் கூறப்பட்டது. 2014-இல் அத்தவணை 2020 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு முடிந்தது. ஆக, ஒரு பதிப்பு மாற்றத்துக்குப் பதினோர் ஆண்டுகள் பிடித்தன. அப்பதினோர் ஆண்டுகளில் மாறுவோர்க்கென்றே நூல்கள் பல எழுந்தன.

அந்நூல்களின் தரத்தை எவ்வாறு அறிவது? மாற்றங்களில் இரு வகை உண்டு. ஒரு வகை கூச்சலிடும். மற்றொரு வகை வாய் திறவாது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் நூலே நல்ல நூல்.

கூச்சலிடும் மாற்றத்துக்கு ஒரு சான்று. திரையில் ஒரு சொல்லைக் காட்ட, இரண்டாம் பதிப்பில் 'பிரிண்ட்' என்று எழுதிப் பக்கத்தில் அச்சொல்லை எழுதினாற் போதும். மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி இட்டே ஆக வேண்டும். இடாவிட்டால் கணிப்பொறி உடனே நின்று, இன்ன வரியில் பிழை என்று சொல்லிவிடும். இதனால் நேரம் சிறிது வீணாகுமேயன்றிக் கேடு எதுவும் இல்லை.

வாய் திறவாத மாற்றமே அஞ்சத்தக்கது. நம் காலனி மக்கள் நன்கறிந்த ஒன்றையே காட்டுவோம். 72 படுக்கைகள் கொண்ட ஸ்லீப்பர் பெட்டியில் எட்டெட்டுப் படுக்கைகளாக 9 பகுதிகள் உண்டு. 20-ஆம் எண் படுக்கை எந்தப் பகுதியில் உள்ளது? 20-இல் ஒன்றைக் கழித்து, எட்டால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டாம் பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை விட்டு முழு எண்ணே கிடைக்கும். ஆகவே விடை 3 என்று வரும். அது சரியான விடை. அதே வரியை மூன்றாம் பதிப்பில் ஓட்டினால் 3.375 என்று வரும். பெட்டியில் அப்படியொரு பகுதி ஏது? ஆயினும் கணிப்பொறி பிழை என்று சொல்லாது. தவறான எண்ணை அடுத்த கணக்குக்கு அமைதியாக அனுப்பிவிடும். புதிய பதிப்பில் முழு எண் வேண்டுமாயின் ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு சாய்கோடுகள் இடுதல் வேண்டும்.

மற்றொன்று: இரண்டாம் பதிப்பில் 'இன்புட்' என்னும் கட்டளைக்கு விடையாக 5 என்றும் 7 என்றும் தட்டினால் அவை எண்களாகும், கூட்டினால் 12. மூன்றாம் பதிப்பில் அவை எழுத்துகளாகவே நிற்கும், கூட்டினால் 57. இதற்கும் எச்சரிக்கை இல்லை.

வெளி மாநிலத்தில் குடியேறிய நமக்கு இது புதிதன்று. அறியாத சொல்லைக் கேட்டால் பொருள் என்னவென்று பக்கத்தில் உள்ளவரைக் கேட்டுக் கொள்கின்றோம். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்பொழுதே ஏமாறுகின்றோம். நம் ஊரில் உபந்நியாசம் என்றால் கோவிலில் நிகழும் சொற்பொழிவு. இந்தியில் அது நாவல். நமக்குச் சிட்சை என்றால் தண்டனை. அவர்களுக்கு அதுவே கல்வி. புது மொழியில் மயங்க வைப்பவை புதுச் சொற்கள் அல்ல. முகம் மாறாமல் பொருள் மாறிய பழைய சொற்களே. புதிய பதிப்பிலும் நிலைமை அதுவே.

தமிழர்க்கு நெருங்கிய மாற்றம் ஒன்றும் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் என்ன என்று இரண்டாம் பதிப்பைக் கேட்டால், யூடிஎஃப்-8 முறையில் எழுதிய சாதாரணச் சொல்லுக்கு 15 என்று விடை வரும். அது எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுகின்றது. மூன்றாம் பதிப்பு யூனிகோட் குறிகளை எண்ணுவதால் 5 என்று சொல்லும். இலக்கணப்படியோ த, மி, ழ் என எழுத்துகள் மூன்றே. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த வேறுபாடு இது. மூன்றாம் பதிப்பு நம் மொழிக்குப் பேருதவி செய்தது என்பதில் ஐயமில்லை; ஆயினும் எழுத்தெண்ணும் வேலை இன்னும் சிறிது நம் தலையில்தான் இருக்கின்றது. தமிழில் நிரல் எழுதப் புகும் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.

இனி நூல்களின் வகையைக் காண்போம். நம் அலுவலகங்களில் விதி மாறும்பொழுது, விதிநூல் முழுவதையும் உடனே மறுபடி அச்சிடுவதில்லை. கரெக்ஷன் ஸ்லிப் என்னும் திருத்தச் சீட்டு வரும். அதனை உரிய பக்கத்தில் ஒட்டிக் கொள்கின்றோம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்க்கு அச்சீட்டு ஒன்றே போதும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்க்கு முழு நூல் வேண்டும். சீட்டுகள் அளவுக்கு மிஞ்சி ஒட்டப்பட்டால் பழைய நூலே படிக்க முடியாமற் போகும். அப்பொழுது புதிய நூல் வாங்குவதே அறிவுடைமை.

பைத்தான் நூல்களும் இம்மூன்று நிலைகளுக்கு ஏற்ப அமைந்தன. திருத்தச் சீட்டைப் போன்றது, லென்னார்ட் ரெகெப்ரோ 2011-இல் வெளியிட்ட 'போர்ட்டிங் டூ பைத்தான் 3'. பழைய நிரலைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும் வழிகளே அதன் பொருள். மார்க் பில்கிரிம் 2009-இல் வெளியிட்ட 'டைவ் இன்டூ பைத்தான் 3' மொழியைக் கற்பிக்கும் நூலேயாயினும், பழைய நிரல் தொகுப்பொன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றுகையில் எழும் பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக் காட்டும் அத்தியாயம் அதில் உண்டு. மாறுவோர் முதலில் படிக்க வேண்டியது அதுவே என்பது நம் கருத்து. பிறர் பிழை திருத்துவதைப் பார்ப்பது விதியைப் படிப்பதினும் நன்றாக மனத்தில் பதியும்.

இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துக் கற்பிப்பது மார்க் லட்ஸின் 'லேர்னிங் பைத்தான்'. 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு 1,500 பக்கங்களுக்கு மேற்பட்டது. பழைய நிரலும் புதிய நிரலும் கலந்து கிடக்கும் அலுவலகத்தில் வேலை செய்வோர்க்கு அஃது உற்ற துணை. புதிதாகக் கற்கும் மாணவருக்கோ அஃது இரட்டைச் சுமை. மூன்றாவது வகை, பழையதைத் திரும்பிப் பாராமல் புதிய பதிப்பை மட்டும் பேசும் நூல். டேவிட் பீஸ்லியும் பிரையன் ஜோன்ஸும் எழுதி 2013-இல் வந்த 'பைத்தான் குக்புக்' மூன்றாம் பதிப்பு அத்தகையது.

எல்லா மொழிகளும் பைத்தானைப் போலப் பழைய வழியை மூடுவதில்லை. 2014-இல் வந்த ஜாவா 8, பழைய நிரல்களைப் பெரும்பாலும் ஓடவிட்டு, புதிய வசதிகளைச் சேர்த்தது. சி பிளஸ் பிளஸ் மொழியும் 2011-இல் அவ்வாறே வளர்ந்தது. அங்கே இடர் வேறு வகையானது. பழைய வழியும் ஓடுவதால், புதிய வழியைக் கற்கத் தேவையில்லை என்ற சோம்பல் தோன்றும். அதனால் அம்மொழிகளின் மாறுநூல்கள் 'எது உடையும்' என்று பேசாமல் 'எது இப்பொழுது மேலானது' என்று பேசுகின்றன. கே ஹார்ஸ்ட்மன் ஜாவா அறிந்தவர்க்கென்று 2014-இல் ஒரு சுருக்க நூல் எழுதினார். பொறுமையற்றோர்க்கு உரியது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அதே ஆண்டில் ஸ்காட் மேயர்ஸ் எழுதிய 'எஃபெக்டிவ் மாடர்ன் சி பிளஸ் பிளஸ்' 42 அறிவுரைகளால் ஆனது. முன்பே அறிந்தவரை அறிந்தவராகவே மதித்துப் பேசும் நூல்கள் இவை.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். மாறுவோர்க்கு உரிய நூலும் மூப்படையும். பழைய நிரலைத் தானே திருத்தித் தரும் 'டூ-டு-த்ரீ' என்னும் கருவி முன்பு பைத்தானோடு சேர்ந்தே வந்தது. அக்கால நூல்கள் அதனை நம்பச் சொல்கின்றன. 2024-இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே நூலின் ஆண்டைப் பாராமல் நூலை எடுத்தல் கூடாது.

முதியோர் சிலருக்கு நினைவிருக்கும். 1957 ஏப்ரல் முதல் நாள், பதினாறு அணா ரூபாய் நூறு பைசா ரூபாயாக மாறியது. காலணா என்று நாம் வழங்கிய பழைய பைசாவில் 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். புதிய பைசாவில் 100 வேண்டும். பெயர் ஒன்று, மதிப்பு வேறு. மக்கள் மயங்காதிருக்க அரசு புதியதற்கு 'நயா பைசா' என்று பெயரிட்டு, எல்லோரும் பழகியபின் 1964 ஜூன் முதல் நாள் 'நயா' என்ற அடைமொழியை நீக்கியது. ஒரு சிறு அடைமொழி ஒரு நாட்டையே குழப்பத்திலிருந்து காத்தது.

நம் அலமாரிக்கும் அத்தகைய அடைமொழி தேவை. எனவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு நிரல் நூலின் முதுகிலும் அது எந்த மொழியின் எந்தப் பதிப்புக்கு உரியது, எந்த ஆண்டு வெளிவந்தது என்று சீட்டு ஒட்டப்பட வேண்டும். இரண்டாவது, இரண்டாம் பதிப்புப் பைத்தான் நூல்களை மாணவர் எடுக்கும் தட்டிலிருந்து அகற்றித் தனித் தட்டில் வைக்க வேண்டும். எறிய வேண்டா, பழைய நிரலைத் திருத்துவோர்க்கு அவை இன்னும் உதவும். மூன்றாவது, அடுத்த நன்கொடைப் பணத்தில் தொடக்க நூல் பத்து வாங்குவதாயின், மாறுவோர்க்கு உரிய நூல் இரண்டாவது வாங்க வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளைக்குப் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு நூல் வாங்கும்பொழுது, அட்டையைப் பார்த்து மகிழாமல் உள்ளே பதிப்பையும் ஆண்டையும் பாருங்கள். வேலைக்குத் திரும்ப எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு சொல். நீங்கள் கற்றது போகவில்லை. சில பக்கங்களில் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கின்றது, அவ்வளவே. அச்சீட்டு எந்த நூலில் இருக்கின்றது என்று எடுத்துத் தருவது நூலகத்தின் கடமை. ஞாயிறு மாலைகளில் அலமாரி திறந்திருக்கும், வருக.