எல்லாச் சோர்வும் ஊசியால் அல்ல



கல்லீரலுக்காகப் போட்ட ஊசி, கழுத்திலுள்ள சுரப்பியைக் கெடுக்குமா? கெடுப்பதுண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறேன்.

ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவி, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கல்லீரலை அரிக்கும். 1989ஆம் ஆண்டில்தான் இக்கிருமி அடையாளம் காணப்பட்டது. 1990களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதற்கு முக்கிய மருந்தாக இருந்தது இண்டர்ஃபெரான் ஊசி. பலர் இதை 24 அல்லது 48 வாரங்கள் போட்டுக்கொண்டார்கள்.

இண்டர்ஃபெரான், கிருமியை எதிர்க்கும் நம் உடலின் காவற்படையைத் தட்டியெழுப்புகிறது. அப்படி எழுந்த படை, சிலருக்குத் திருடனை விட்டு வீட்டுக்காரரையே அடித்த கதையாகத் தைராய்டுச் சுரப்பியைத் தாக்கிவிடுகிறது. இத்தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

தாக்கப்பட்ட சுரப்பி இரு வகையாகக் கோளாறு செய்யும். சுரப்பு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும், விசிறியின் கீழ் இருந்தாலும் வியர்க்கும். சுரப்பு குறைந்தால் உடல் சோரும், எடை கூடும், மலச்சிக்கல் வரும், நம் ஊர் வெயிலிலும் குளிரும், மனம் சோர்ந்துவிடும். சிலருக்கு முதலில் மிகுந்து, சில வாரங்களில் குறைவாக மாறுவதும் உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். இண்டர்ஃபெரான் ஊசியே சோர்வையும் மனத்தளர்ச்சியையும் தரக்கூடியது. ஆகவே, “இது ஊசியின் களைப்பு, முடிந்ததும் போய்விடும்” என்று நோயாளியும் நினைப்பார், வீட்டாரும் நினைப்பார்கள். “சோம்பேறியாகிவிட்டாள்” என்று பழிப்பவர்களும் உண்டு. உண்மையான காரணம் கழுத்தில் ஒளிந்திருக்கும்!

அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை போதும். ஊசி தொடங்குமுன் ஒருமுறையும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்திற்கொருமுறையும் அதைச் செய்வது வழக்கம். சுரப்பு குறைந்தவருக்குத் தைராக்சின் மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். படபடப்பைத் தணிக்கவும் மருந்து உண்டு. பெரும்பாலும் ஊசியை நிறுத்தாமலே இவற்றைச் சமாளிக்கலாம். பலருக்குச் சுரப்பி பின்னர் சீராகிவிடும். சிலருக்கோ கோளாறு நிலைத்துவிடும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வந்த சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள், பெரும்பாலோரை 12 வாரங்களில் ஊசியின்றியே குணப்படுத்துகின்றன. மலேசியாவில் 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைத்து வருகிறது. ஆயினும் ஹெப்பட்டைட்டிஸ் ‘பி’ உள்ள சிலருக்கு இண்டர்ஃபெரான் இன்றும் கொடுக்கப்படுகிறது.

முன்பு இந்த ஊசி போட்டுக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? கல்லீரல் நோய் தீர்ந்தும் அவர் இன்னும் சோர்ந்திருக்கிறாரா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “முன்பு இண்டர்ஃபெரான் போட்டிருக்கிறார், தைராய்டைப் பார்க்க வேண்டுமா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவருடைய பழைய சுறுசுறுப்பைத் திருப்பித் தரக்கூடும்.