தறியையும் கூட்டிட்டுப் போங்க



தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு, நமக்குச் சேமிக்கக் கற்றுக் கொடுத்தது. நாங்க விற்கக் கற்றுக்கிட்டது கண்காட்சியிலதான்.

எங்க ஊர் பத்தமடை. கோரையைத் தாமிரபரணித் தண்ணியில ஊறவச்சு, நூல் மாதிரி கிழிச்சுப் பாய் நெய்யுறோம். நயம் பாய் ஒண்ணு முடிய வாரக்கணக்காகும். துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில பொண்ணு, மாப்பிள்ளை பேரையும் நெய்து தருவோம்.

முதல் கண்காட்சியில் பாயை அடுக்கி வச்சிட்டு உட்கார்ந்திருந்தோம். "பாய்க்கா இவ்வளவு விலை?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. மூணுதான் வித்துச்சு. பிள்ளைகள் படிப்பு நிதிக்கு ஒண்ணும் சேரலை. அப்பா இல்லாத ஒரு பொண்ணு கல்லூரிக் கட்டணத்துக்கு எங்களை நம்பி நின்னா.

அடுத்த தடவை ஒரு வாரம் முன்னாடியே பள்ளிக்கூடம், வங்கி, கல்யாண மண்டபம்னு நேரில் போய் அழைத்தோம். தறியையும் கொண்டுபோய் அங்கேயே நெய்தோம். வந்தவங்களையும் ஒரு கோரை கோக்க வச்சோம். அதுக்கப்புறம் யாரும் பேரம் பேசலை. வாசல்ல கரும்பலகை வச்சு, அன்றைய விற்பனை எவ்வளவு, அதில் படிப்பு நிதிக்கு எவ்வளவுன்னு சாயங்காலம் எழுதினோம். அதைப் படிச்சுட்டு, பாய் வாங்காதவங்களும் உண்டியலில் போட்டாங்க.

அந்தப் பொண்ணு இப்போ இரண்டாம் ஆண்டு படிக்கிறா.

சகோதரிகளே, நம்ம உழைப்பை மறைக்காம காட்டுவோம். கணக்கையும் மறைக்காம காட்டுவோம். சனங்க தானா வருவாங்க.