ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டையும் மனசையும் தயார் பண்ணணும்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு வேலை, இரண்டு மாடு, இதுதான் என் உலகம். எனக்குக் கீழ்த்தாடை முன்னால் தள்ளி இருந்தது. முன்பல் ஒன்றோடு ஒன்று சேராது. முறுக்கைக் கடிக்க முடியாது, கடைவாயில் வைத்துத்தான் உடைக்கணும். குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்தால் சில எழுத்து குழறும். சிரிக்கும்போது முந்தானை தானாக வாய்க்குப் போகும். என்னுடைய 34 வயதில் தாடை ஆபரேஷன் செய்துகொண்டேன். அதற்கு எப்படித் தயாரானேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இப்ப எதுக்கு அழகு?" என்று சொந்தக்காரங்க கேட்டாங்க. அவங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னாடி எனக்கே நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். கடித்துச் சாப்பிடணும். தெளிவாகப் பேசணும். உதடு தானாக மூடணும். மூன்றே வரி. முகம் மாறினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று எழுதவில்லை. அப்படி நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் வரும்.

இது ஒரு நாள் வேலை இல்லை, சகோதரிகளே. முதலில் பல்லுக்குக் கிளிப் போட்டு வரிசைப்படுத்துவாங்க. எனக்கு அதற்கே ஒன்றரை வருஷம் ஆனது. அந்தச் சமயத்தில் தாடை முன்னைவிட அதிகமாகத் தள்ளியிருப்பது போலத் தெரியும். பயப்படக் கூடாது, அது வழக்கம்தான் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆபரேஷன் முடிந்த பிறகும் சில மாதம் கிளிப் இருக்கும். அதனால் ஆபரேஷன் செலவை மட்டும் கணக்குப் பார்க்காதீங்க. மாசாமாசம் பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலி, எல்லாம் சேர்த்துப் பாருங்க. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவங்க, இந்த ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே கேட்டுக்கோங்க. நான் குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கினேன். தவணை தவறாமல் கட்டி வருகிறேன்.

அடுத்தது உடம்பு. நம்மில் பல பேருக்கு ரத்தம் குறைவு. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை உண்டு. எனக்கு ரத்தம் குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் விடாமல் எடுத்தேன். சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும், நாட்டு மருந்தானாலும், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லணும்.

வீட்டையும் தயார் பண்ணணும். ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது என்று எனக்குச் சொன்னாங்க. சத்துமாவை வறுத்து அரைத்து டப்பாவில் போட்டு வைத்தேன். மிக்ஸியைப் பழுது பார்த்தேன். நைசான வடிகட்டி, சின்னப் பிள்ளைங்க பல் பிரஷ், உதட்டில் தடவ வாசலின், எழுதிக் காட்ட ஒரு சிலேட், தலை உயர்த்திப் படுக்க இரண்டு தலையணை, இவ்வளவும் எடுத்து வைத்தேன். கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணி, மோர், காரமில்லாத சூப் இதெல்லாம்தான் சாப்பாடு. கரண்ட் போகும் ஊர் நம்மூர், அதனால் காலையிலேயே அரைத்துவிடணும். வெயிட் தூக்கக் கூடாது, நூறு நாள் வேலைக்கும் போக முடியவில்லை. என் குழுவில் இரண்டு பேர் முறை வைத்து மாட்டில் பால் கறந்து கொடுத்தாங்க. அந்த உதவிக்கு எந்தக் கடனும் ஈடாகாது.

பிள்ளைகளிடமும் முன்னாடியே சொன்னேன். "அம்மா முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும், பேச மாட்டேன், ஆனா வலிக்கு மருந்து இருக்கு" என்றேன். சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போனது. ரப்பர் போட்டு இரண்டு தாடையையும் சேர்த்திருந்தாங்க. மூக்கும் அடைத்துக்கொண்டது. என் மாமியார்தான் பார்த்து அழுதாங்க. என் பொண்ணு, "அப்பத்தா, இது இறங்கிடும், அம்மா முன்னமே சொல்லிச்சு" என்று தைரியம் சொன்னாள்.

மனசுக்கு ரொம்பக் கஷ்டம் இரண்டாவது வாரம்தான். பார்க்க வருகிறவங்க நின்றுவிடுவாங்க. பசிக்கும், தூக்கம் வராது, கண்ணாடியில் வேற யாரோ தெரிவாங்க. 'எதுக்கு இதைச் செஞ்சேன்' என்று தோன்றும். நிறையப் பேருக்கு இப்படி வரும், கொஞ்ச நாளில் மாறும் என்று நர்ஸ் அம்மா முன்னமே சொல்லியிருந்தாங்க. அந்த நோட்டை எடுத்து மூன்று வரியையும் படித்தேன். அன்றைக்கு அதுதான் எனக்குப் பிடிமானம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தாடைக்குள் ஓடுகிற நரம்பு அதிர்ச்சியடைவதால் கீழுதடு மரத்துப்போகும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும் விடும். எனக்கு ஒரு வருஷம் கழிந்தும் இடப்பக்க மோவாய் மரத்துத்தான் இருக்கிறது. குழம்பு வழிந்தாலும் தெரியாது, துடைத்துக்கொள்வேன். இதைக் கேட்டுத் தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் கேளுங்க. "எனக்கு என்ன போகும், என்ன வரும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித் தாடை இருந்தால் கேலி பேச விடாதீங்க, பல் டாக்டரிடம் காட்டுங்க. பெரும்பாலும் எலும்பு வளர்ச்சி நின்ற பிறகுதான் ஆபரேஷன் என்பாங்க. அதுவரை காத்திருக்கலாம். செய்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவாக இருக்கட்டும். கல்யாணத்துக்காக அவசரப்படுத்த வேண்டாம்.

போன மாசக் கூட்டத்தில் தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். ஒரு எழுத்தும் குழறவில்லை.